செல்லத்தாய் வீட்டு டம்ளர்கள்

"அப்பா பேரு என்னத்தா?"

டம்ளர் எடுக்க அலமாரிக்குள் விட்ட கையோடு, திரும்பிப் பார்க்காமலே கேட்டாள் செல்லத்தாய். போகிற போக்கில் கேட்பதுபோலத்தான் குரல் இருந்தது. ஆனால் அதற்கு முன் அவள் கேட்டு முடித்திருந்த கேள்விகளைப் பார்த்தால் போலீஸ் ஸ்டேஷனே தோற்றுப்போகும். எந்த ஊரு, கொட்டாம்பட்டின்னா ஊருக்குள்ளயா, வெளியயா, பஸ்ஸ விட்டு எறங்குனா எந்தப் பக்கம் நடக்கணும், கம்மாய்க்கு அங்கிட்டா இங்கிட்டா, கும்புடுற சாமி எது, அக்காவைக் கட்டிக் குடுத்தது எங்க. எல்லாவற்றுக்கும் அந்தப் பெண் பதில் சொல்லிவிட்டாள். செல்லத்தாய்க்கு வேண்டிய பதில் மட்டும் எதிலும் கிடைக்கவில்லை.

கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள் தமிழ்வாணி. போன மாதம் தல்லாகுளத்தில் ஒரு வீட்டில் இதே கேள்விக்கு "ராவ்" என்று மட்டும் சொல்லிப் பார்த்தாள். அந்த வீட்டுக்காரர் வடக்கத்திப் பெரிய குடும்பம் என்று நினைத்துக்கொண்டு, "எப்ப வேணும்னாலும் பால் காய்ச்சிக்கம்மா" என்றார். சாயங்காலம் அவர் இவள் அப்பாவோடு போனில் பேசியபோது முழுப் பெயரும் வந்துவிட்டது. மறுநாள் காலையில் பார்த்தால் அந்த வீட்டுக்கு வேறு ஆள் வந்தாகிவிட்டதாம். அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள், இனிமேல் அப்பன் பெயரைப் பாதியாக வெட்டுவதில்லை என்று.

"பீமாராவ்" என்றாள், நிமிர்ந்து உட்கார்ந்து.

அலமாரிக்குள் இருந்த கை நின்றது. மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் அந்தப் பெயரை ஆசையோடு பிள்ளைக்கு வைக்கிற வீடு எது என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பாதி வெளியே வந்திருந்த எவர்சில்வர் டம்ளர் சத்தமில்லாமல் உள்ளே போனது.

தமிழ்வாணியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அபி அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அபி என்பது செல்லத்தாய் வைத்த பெயர். பாஸ்போர்ட்டில் அபேபெச். எத்தியோப்பியாவின் தெற்கு மலைப்பக்கத்திலிருந்து இங்கே விவசாயக் கல்லூரியில் மண் வளம் பற்றிப் படிக்க வந்தவள். போன ஆடி மாதம் பெட்டியும் படுக்கையுமாக மதுரைக்குப் பக்கத்தில் ஒத்தக்கடையில் வந்து இறங்கினாள். ஒத்தக்கடையில் அப்போது காலி வீட்டுக்குப் பஞ்சமில்லை. வயலை மூடிப் பிளாட் போட்டு, பிளாட்டில் மாடி கட்டி, மாடியில் டு-லெட் பலகை மாட்டி வைத்திருந்தார்கள். செல்லத்தாயின் மாடியும் வருஷக்கணக்காகப் பூட்டித்தான் கிடந்தது. ஆள் வராமல் இல்லை. வந்தவர்கள் யாரும் அந்த அம்மாளின் கேள்விகளைத் தாண்டவில்லை.

வெளிநாட்டுப் பெண் என்று புரோக்கர் சொன்னதும் செல்லத்தாய் ஒரு ராத்திரி முழுக்க யோசித்தாள். காலையில் புருஷனிடம் சொன்னாள்: "விட்டுருவோங்க. நம்ம ஆளுகன்னா ஆயிரத்தெட்டு விசாரிக்கணும். அவுகளுக்குத்தான் சாதி கீதி ஒண்ணும் கெடையாதுல்ல." அழகுராஜாவுக்கு மேலூர் ரோட்டில் ஹார்டுவேர் கடை. கடை தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அவர் "ம்" என்பார். அன்றைக்கும் "ம்" என்றார்.

வீட்டைக் கொடுத்தாலும் செல்லத்தாய் சந்தேகத்தைக் கைவிடவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று காவல் காத்தாள். தெருவும் சும்மா இருக்கவில்லை. மளிகைக் கடைக்காரர் அபி வந்தால் சாமானைக் கொடுக்கும் முன் நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஷேர் ஆட்டோவில் அவளுக்குப் பக்கத்து இடம் கடைசிவரை காலியாகவே வரும். அடுத்த வீட்டு முனீஸ்வரி ஒருநாள் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"மதினி, மொட்ட மாடியில ஒங்க ஆப்பிரிக்காக்காரி என்னத்தயோ வறுக்குறா. பொகையா வருது. கஞ்சாவா இருக்கப்போகுது, நல்லாப் பாருங்க!"

செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனை மாதிரி ஏறிப்போனாள் செல்லத்தாய். அங்கே அபி பச்சைக் காப்பிக்கொட்டையை இரும்புச் சட்டியில் வறுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சாம்பிராணி புகைந்தது. பிடிபட்டவள் செல்லத்தாய்தான். அசடு வழிய நின்றவளை அபி உட்காரவைத்து, காதில்லாத குட்டிக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தாள். ஊர் விட்டு வந்து அவள் காப்பி கொடுத்த முதல் ஆள். செல்லத்தாய் ஒரு வாய் குடித்துவிட்டு, "ஆத்தாடி, இதுல்ல காப்பி!" என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து யாரும் கூப்பிடாமல் தானே ஏறிப்போகத் தொடங்கினாள்.

அதன்பிறகு அபி அந்த வீட்டுப் பிள்ளை மாதிரி. "ஆன்ட்டி என்ன ஆன்ட்டி, அக்கான்னு கூப்புடு" என்று பழக்கினாள் செல்லத்தாய். வெயிலுக்கு மோர், இட்லிக்கு எந்தச் சட்னி, முருங்கைக்காயை எப்படிக் கடிப்பது எல்லாம் இந்த அக்கா சொல்லிக் கொடுத்ததுதான். பொங்கலுக்குப் பானையைக் கிண்டியதே அபிதான். "எங்க வீட்டு அபி"யைப் போட்டோ எடுத்து உறவுக்காரர் வாட்ஸ்அப் குழு முழுக்க அனுப்பினாள் செல்லத்தாய்.

ஒரு விஷயம் மட்டும் அவளுக்கு விளங்கவே இல்லை. வந்த புதிதில் டம்ளரில் காப்பி கொடுத்தபோது அபி உடனே வாங்கவில்லை. டம்ளரைப் பார்த்தாள், செல்லத்தாயின் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள். இரண்டும் ஒரே மாதிரி இருந்ததைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. எச்சில் பாத்திரமோ என்று பார்க்கிறாள், வெளிநாட்டுக்காரவுகளுக்குச் சுத்தம் ஜாஸ்தி என்று நினைத்துக்கொண்டாள் செல்லத்தாய். அன்றிலிருந்து அபிக்குக் கொடுக்கும் டம்ளரைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்தாள்.

தமிழ்வாணி அபியின் வகுப்பு. கொட்டாம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். விடியற்காலை கல்லூரி வயலில் வேலை, சாயங்காலம் இருட்டும்வரை லேப். கடைசிப் பரீட்சை வருகிறது. ஹாஸ்டலில் இடமில்லை. பக்கத்தில் தங்க ஓர் இடம் கிடைக்காவிட்டால் இந்த வருஷப் படிப்பு போச்சு. மாடியில் இன்னொரு கட்டில் போடத் தாராளமாக இடம் இருக்கிறதே என்று அபி செல்லத்தாயிடம் கேட்டாள். "பொம்பளப் புள்ளதான? கூட்டிட்டு வா, பாப்போம்" என்றாள் அக்கா. வாணிக்கு இஷ்டமே இல்லை.

"வேணாம் அபி. ஓனருக எதைப் 'பாப்போம்'னு சொல்றாகன்னு எனக்குத் தெரியும்."

"செல்லத்தாய் அக்கா அப்படி இல்ல" என்றாள் அபி. முழு நம்பிக்கையோடுதான் சொன்னாள்.

இப்போது அந்த அக்கா அடுப்படிக்குப் பின்னால் போய் எதையோ உருட்டிக்கொண்டிருந்தாள். பேரனின் காதுகுத்துக்கு வாங்கி மிஞ்சிய பேப்பர் கப்புக் கட்டு அங்கேதான் இருந்தது. சாக்கடை அடைப்பு எடுக்க வருகிறவருக்கு எப்போதாவது அதில் டீ கொடுப்பாள். அதையும் அபி பார்த்திருக்கிறாள். கேட்காமல் மனசுக்குள் போட்டு வைத்திருந்தாள்.

தட்டு வந்தது. இரண்டு எவர்சில்வர் டம்ளர், ஒரு பேப்பர் கப்.

"டம்ளரெல்லாம் கழுவாமக் கெடக்கு. அதான். புதுக் கப்புத்தா, சுத்தமா இருக்கும்" என்றாள் செல்லத்தாய், சிரித்த முகமாக.

வாணி கப்பை எடுத்தாள். குடிக்கவில்லை. அப்படியே ஜன்னல் திட்டில் வைத்தாள்.

"காப்பி வேணாங்க. மேல ரூம் உண்டா, இல்லையா? அதை மட்டும் சொல்லிருங்க. எனக்குக் கடைசி பஸ்ஸுக்கு முன்னாடி வேற ரெண்டு எடம் பாக்கணும்."

"என்னத்தா இப்படிப் பட்டுன்னு கேக்குற? நீ நல்ல புள்ளையாத்தான் தெரியுற. எங்க வீட்டுக்காரரு சொந்தக்காரவுக வாராகளாம், மாடி தேவைப்படும் போலருக்கு. அதுபோக, தண்ணிக் கஷ்டம். ரெண்டு பேருன்னா எம்புட்டுத் தண்ணி ஆகும்!"

"நேத்து தண்ணி இருந்துச்சுக்கா" என்றாள் அபி.

"நேத்து இருந்துச்சு. இன்னைக்கு?"

"இன்னைக்கும் இருக்கு. காலையில வாசல்ல நீங்கதான் ஹோஸ் வச்சு ஊத்துனீங்க."

செல்லத்தாய்க்குச் சுருக்கென்றது. வாணியை விட்டுவிட்டு அபியின் பக்கம் திரும்பி, குரலைத் தணித்தாள். "ஒனக்கு இதெல்லாம் புரியாதுத்தா. நீ வெளிநாட்டுல இருந்து வந்தவ. இங்க ஒரு மொற இருக்கு. நான் ஒருத்தி என்ன செய்ய? நாளைக்கு முனீஸ்வரி கேட்டா நான் என்னன்னு சொல்ல?"

"புரியும்க்கா" என்றாள் அபி.

கையிலிருந்த டம்ளரைத் தட்டில் வைத்தாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் கடையிலும் பஸ்ஸிலும் பொறுக்கியது. அதை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

"எங்க ஊரு மலை. காப்பிக் காடு. அங்கயும் ரெண்டு ஆளுக இருக்காங்க. ஒரு ஆளுக வீட்டுக்குள்ள ஒக்காருவாங்க. ஒரு ஆளுக வாசல்ல நிப்பாங்க. வாசல்ல நிக்கிறவங்களுக்குக் கிண்ணம் கெடையாது. எலையில ஊத்துவாங்க. குடிச்சுட்டு எலையத் தூரப் போட்டுரணும்."

செல்லத்தாயின் முகம் மலர்ந்துவிட்டது! பாரம் இறங்கின மாதிரி நாற்காலியில் சாய்ந்தாள்.

"பாத்தியா! அங்கயும் இருக்குல்ல? நாங்கென்னமோ ஒலகத்துல இல்லாதத செய்யிற மாதிரி பேசுறாக. எல்லா ஊர்லயும் உள்ளதுதான். நல்லாச் சொல்லு அபி, இந்தப் புள்ளைக்கும் வெளங்கட்டும்."

"நான் வாசல்க்கா."

"என்னது?"

"நான் வாசல்ல நிக்கிற ஆளு. எங்கப்பா எலையில குடிச்சாரு. நானும் எலையிலதான் குடிச்சேன். ஸ்கூல் டீச்சர் வீட்டுல, கடையில, எல்லா எடத்துலயும். யாரு வீட்டுக்குப் போனாலும் நான் மூஞ்சியப் பாக்க மாட்டேன், மொதல்ல கிண்ணத்தைப் பாப்பேன். இங்க வந்தன்னைக்கு நீங்க உங்க டம்ளர் மாதிரியே எனக்கும் குடுத்தீங்க. ரூமுக்குப் போய் அழுதேன். எங்கம்மாவுக்குப் போன் பண்ணி, 'இந்த ஊர்ல டம்ளர் ஒண்ணுதான்'னு சொன்னேன்." அவள் டம்ளரைத் தள்ளி வைத்தாள். "எங்கம்மாகிட்டப் பொய் சொல்லிட்டேன்க்கா."

வாணி அபியின் பக்கம் திரும்பினாள்.

"எங்கிட்டக்கூடச் சொல்லலயே அபி."

"இங்க எல்லாரும் எல்லார்கிட்டயும் கேக்குறாங்க. எங்கிட்ட மட்டும் யாருமே கேக்கல. அது நல்லா இருந்துச்சு. அதான் சொல்லல."

"வெளையாடாதத்தா" என்று முனகினாள் செல்லத்தாய். அபி ஜன்னல் திட்டிலிருந்த பேப்பர் கப்பை எடுத்து, அதிலிருந்த காப்பியை ஒரே மடக்கில் குடித்தாள். கப்பைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

"இந்த மாசத்தோட காலி பண்ணிர்றேன்க்கா. உங்க மோர் நல்லா இருந்துச்சு. அதுல பொய் இல்ல."

"அத விடு, வா" என்று வாணி அவள் கையைப் பிடித்தாள். வாசற்படியில் நின்று செல்லத்தாயைத் திரும்பிப் பார்த்தாள். "எங்கப்பா பேரச் சொல்லி இன்னும் நாலு வீட்டுல கேப்பேங்க. ஒரு வீடாவது தெறக்கும்" என்றாள்.

கேட் சாத்தும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் மேலூர் ரோட்டுப் பக்கம் நடந்து போவதைப் பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து முனீஸ்வரி எட்டிப் பார்த்தாள்.

செல்லத்தாய் அடுப்படிக்குப் போனாள். அலமாரியில் டம்ளர்கள் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. எதில் அபி குடித்தாள்? இதிலா? அதிலா? எல்லாவற்றிலும்தான். மோர் குடித்தது சொம்பில். பாயசம் குடித்தது, மகள் கல்யாணத்துக்கு வந்த வெள்ளி டம்ளரில். பொங்கல் பானையைக் கிண்டிய கரண்டி ஆணியில் தொங்கியது. அந்தக் குட்டிக் கிண்ணம் வேறு! ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை தானே படியேறிப் போய், கேட்டு வாங்கி, ஊதி ஊதிக் குடித்தாளே! புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். பிறகு எல்லாப் பாத்திரத்தையும் இறக்கித் தொட்டிக்குள் போட்டுப் புளியை எடுத்தாள். கொஞ்ச நேரம் தேய்த்தாள். எத்தனை தேய்த்தாலும் எது போக வேண்டும் என்று அவளுக்கே தெரியவில்லை. கண்ணில் பட்டதெல்லாம் அபிக்காகத் தேய்த்துப் பளபளப்பாக்கிய டம்ளர்கள்தான். அப்படியே போட்டுவிட்டு நின்றாள்.

கடையை மூடிவிட்டு அழகுராஜா வந்தார். "தல வலிக்குது. காப்பி கொண்டா" என்று நாற்காலியில் சாய்ந்தார்.

காப்பி வந்தது. கையில் வாங்கியவர் அதைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எதற்கும் "ம்" என்பதோடு சரி, ஒரு கேள்வியும் கேட்காத மனுஷன் அன்றைக்குக் கேட்டார்.

"ஏன்டி, எனக்கா பேப்பர் கப்பு?"

செல்லத்தாய் கப்புக் கட்டிலிருந்து இன்னொன்றை உருவித் தனக்கும் ஊற்றிக்கொண்டாள்.