மிஷினுக்கு வைத்த சந்தனம்

எங்கள் ஆஸ்பத்திரி அட்டெண்டர் இருசப்பன் நல்லவன். அதுதான் தொல்லையே. கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

ஆயுத பூஜையன்று ஆபரேஷன் அறைக்குள் நுழைகிறேன், கத்தி, கத்தரி, கொதிநீர்ப் பாத்திரம் எல்லாவற்றுக்கும் பொட்டு. நடுவில், காலால் மிதித்தால் ரத்தத்தையும் சீழையும் உறிஞ்சி எடுக்கும் சக்ஷன் மிஷின், சாமந்தி மாலையோடு கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

வெளியே, மானாம்பதியிலிருந்து மாட்டுவண்டியில் வந்த செங்கேணி, மகள் அம்முலுவை மடியில் போட்டு அழுதுகொண்டிருந்தாள். ஆறு வயதுக் குழந்தை. தொண்டைக்குள் சீழ்க்கட்டி. கீறாவிட்டால் மூச்சு அடைத்துவிடும். கீறும்போது சீழை உறிஞ்சாவிட்டால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.

"மிஷினை எடு இருசப்பா."

"இன்னிக்கி எடுக்கக் கூடாதும்மா. பூஜைல கீது. நாளைக்கிக் காலைல எடுத்துக்கலாம்."

"நாளைக்கி இந்தப் புள்ளைக்குப் பால் ஊத்தலாமா?"

"சாமி குத்தம் ஆய்டும்மா."

மாலையைப் பிடுங்கி எறிந்தேன். வேதக்கார நர்சம்மாவுக்கு என்ன பயம் என்று அவன் முணுமுணுத்தது காதில் விழுந்தது. பதில் சொல்ல ஏது நேரம்? ரப்பர் குழாயைக் கொதிக்கவைத்து, மிஷின் புட்டிமேல் அப்பியிருந்த சந்தனத்தைத் துடைத்து, குழாயை மாட்டினேன்.

டாக்டர் முத்துகிருஷ்ணன் குழந்தையின் தலையைத் தாழ்த்திவைத்துக் கீறினார். சீழ் பொங்கியது. குழாயின் நுனியை அதில் வைத்தார். இருசப்பன் மிதித்தான். மிதி மிதி என்று மிதித்தான். குழாய் ஒரு சொட்டுகூட உறிஞ்சவில்லை.

"பாக்கியமேரி, என்ன ஆச்சு?" என்றார் டாக்டர். அம்முலுவின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

குழாயின் மறுமுனையைப் புட்டியிலிருந்து பிடுங்கினேன். புட்டியில் குழாய் மாட்டுகிற மூக்கின் ஓட்டைக்குள் சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது.

"இன்னாடா இது?"

"வாயி கீற எடத்துக்கெல்லாம் வெச்சம்மா," என்றான், பாவம், பக்தியோடு.

அவனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பிடுங்கிய முனையை என் வாயில் வைத்து உறிஞ்சினேன். வாய் நிறையச் சீழ். துப்பினேன். மறுபடி உறிஞ்சினேன். விடவில்லை. கடைசியில் அம்முலு இருமினாள். பிறகு வீறிட்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

உப்புத் தண்ணீரில் வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்பி வந்தால், உள்ளே விடப்பட்ட செங்கேணி மிஷினுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

"பூஜை போட்ட மிஷினு. கை வுட்டுடுமா?" என்று இருசப்பன் அவளுக்கு விளக்கிக்கொண்டிருக்கிறான்.

எந்தச் சுவரில் முட்டிக்கொள்வதென்று தெரியவில்லை. அதற்குள் செங்கேணி எழுந்து கிண்ணத்துச் சந்தனத்தை விரலில் வழித்தாள். விரல் நேராக அந்த ஓட்டையை நோக்கிப் போனது.

பாய்ந்து அவள் கையைப் பிடித்தேன். "அங்க வெக்காத."

"எங்கனா வெக்கணுமே தாயீ. எம்புள்ள உசுரு."

பிறந்ததிலிருந்து பொட்டு வைத்தறியாத நான் குனிந்து நெற்றியைக் காட்டினேன்.

"இங்க வை. மிஷினை வுட்டுடு."

வைத்தாள். இருசப்பன் என்னைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.