ஒடூரோ வழி கேட்கிறார்

"செத்தவன் பேரை எடுத்துடுன்னா எடுக்க வேண்டியதுதானே, இதுல உனக்கு என்னடா கொள்கை—"

"கொள்கைதான்! சொல்லிக்காம எழுந்து போறதுக்கு இதென்ன பஸ் ஸ்டாண்டா? வழி கேக்கணும், மத்தவங்க—"

"செத்தவன் எப்படிடா கேப்பான்?"

ஜாம்ஃபி பிராகோவைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பினான். கீழே குமாசி நகரத்துச் சந்தை பட்டப்பகலில் இரைந்துகொண்டிருந்தது. இறந்துபோன அண்ணன் ஒடூரோவுக்காக உடுத்திய கறுப்பைப் பிராகோ இன்னும் மாற்றவில்லை.

தேவாலயப் பாடகர்கள் ஒருவருக்கொருவர் பாட்டு கொடுத்து வாங்க அவளும் ஜாம்ஃபியும் சேர்ந்து எழுதிய மென்பொருள் அது. நடுவில் பெரிய கணினி ஏதும் கிடையாது. அவரவர் பாட்டு அவரவர் போனில். பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தால் வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். விலக நினைப்பவர் மட்டும், விருந்துக்குப் போன வீட்டில் 'கிளம்பட்டுமா' என்று கேட்பதுபோல, மற்றவர்களிடம் வழி கேட்டு, எல்லோரும் 'வழி தந்தேன்' என்ற பிறகுதான் போக வேண்டும். அது ஜாம்ஃபியின் யோசனை. அசாந்தி இனத்தார் வீடுகளில் வழி கேட்காமல் யார் கிளம்பியிருக்கிறார்கள்?

ஒடூரோ கிளம்பிவிட்டான். லாரி மோதி, ஒரு வார்த்தை சொல்லாமல். அவன் போன் உயிரில்லாமல் பிராகோவின் கைப்பையில் கிடந்தது. பட்டியலில் அவன் புள்ளி மட்டும் பச்சையாகவே எரிந்தது.

"அது பேயுமில்ல பிசாசுமில்ல தாயே. அவன் பாட்டோட நகல் மத்தவங்ககிட்ட இருக்கு. யாரு குடுத்தாலும் முதல்ல குடுத்தவன் பேருல எரியட்டும்னு நான்தான் வெச்சேன். ஒரு மரியாதைக்கு."

"உன் மரியாதையக் கொண்டு குப்பையில போடு. எங்கம்மா அந்தப் புள்ளியையே பாத்துக்கிட்டு சோறு தண்ணி இல்லாம கெடக்கா. 'புள்ள முழிச்சிருக்கான், கதவத் தெறந்து வை'ங்கறா."

மேசையில் கிடந்த இரண்டு போன்களும் சேர்ந்து அதிர்ந்தன.

ஒடூரோ வழி கேட்கிறார்.

"நீதானே அனுப்பின?"

"என் ரெண்டு கையும் இங்கதான இருக்கு!"

பிராகோ பையிலிருந்து அண்ணனின் போனை எடுத்தாள். பேட்டரியை அவளே கழற்றியிருந்தாள். கண்ணாடி மட்டும் இப்போதுதான் யாரோ கையிலிருந்து இறக்கி வைத்ததுபோலச் சூடாக இருந்தது.

பாடகர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக எரிந்தன. வழி தந்தேன். வழி தந்தேன். கேட்பது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. மீன் நறுக்குகிற கையும் மாவு பிசைகிற கையும் பழக்கத்தில் பொத்தானைத் தொட்டுவிட்டுப் போயின. ஜாம்ஃபியும் தன் போனில் தொட்டுவிட்டான். பிராகோவின் பெயர் மட்டும் பாக்கி.

"குடேன். இதுக்குத்தானே சண்டை போட்ட?"

விரல் எழவில்லை. கை வைக்காத சாப்பாட்டுத் தட்டோடு அம்மா உட்கார்ந்திருப்பது கண்ணில் நின்றது. தொடப்போகும் முன்பே அவள் பெயரும் எரிந்தது.

"நான் தொடவே இல்ல!"

"கொஞ்ச நேரம் சும்மா இருந்தா சம்மதம்னு வெச்சிருக்கேன். வழி கேட்டா யாரு மறுக்கப்போறா?"

ஒடூரோவின் பெயர் மறைந்தது. ஜாம்ஃபி பெருமூச்சு விட்டுச் சிரித்தான். "பாத்தியா, உங்கண்ணன் முறை தெரிஞ்சவன்."

அம்மாவிடம் சொல்லலாம் என்று அவள் தன் போனுக்குக் கை நீட்டினாள். தொடும் முன்பே அது அதிர்ந்தது.

பிராகோ வழி கேட்கிறார்.

வழி தந்தேன். வழி தந்தேன். யாரும் நின்று படிக்கவில்லை. ஜாம்ஃபியின் பெயர் மட்டும் மிஞ்சியது. அவன் கைகளை முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொண்டு திரையையே பார்த்தான். அதில் 'வழி தந்தேன்' என்று ஒரே ஒரு பொத்தான்தான் இருந்தது.

"ஜாம்ஃபி, தர மாட்டேன்னு சொல்றதுக்கு எதைடா அமுக்கணும்?"