என் மணிக்கட்டின் மேல் ஒரு பொருத்தனை

...போவேன், ஜனவரியில் மறுபடியும் ஔலிக்குப் போவேன், அந்த வடக்கத்தி மலையில் பனிச்சறுக்கு விளையாடுவேன், விழுந்தால் விழுகிறேன், இதில் அம்மாவுக்கும் ஆண்டவருக்கும் நடுவே என்ன ஒப்பந்தம் வேண்டிக்கிடக்கிறது... முதலில் இந்தச் சர்க்யூட் போர்டு. போர்டின் மேல் ஸ்டென்சில் தகட்டை இறக்கி, அதன் துளைகள் எல்லாம் செம்புப் புள்ளிகளின் மேல் உட்கார்ந்திருக்கின்றனவா என்று பார்த்து, பற்றவைப்பதற்கான சாம்பல் நிறச் சால்டர் பேஸ்டை ஓரத்தில் ஒரு வரியாக அப்பி, பிளேடைச் சாய்த்து ஒரே இழுப்பு. அமுக்கக்கூடாது, அமுக்கினால் துளைக்குள் போன பேஸ்டைப் பிளேடே வழித்துக்கொண்டு வந்துவிடும். தக்கலையில் இந்த எமர்ஜென்சி விளக்குக் கம்பெனிக்கு வந்த புதிதில் பயந்து பயந்து அமுக்கி எத்தனை போர்டைத் துடைத்திருப்பேன்! போன ஜனவரியில் ஔலியிலும் அதே கதைதானே? சரிவைக் கண்டதும் உடம்பு தானாகப் பின்னால் சாய்ந்தது, முன்னால் குனி, முன்னால் குனி என்று பயிற்சியாளர் இந்தியில் கத்தினார், எனக்குப் புரிந்தது, உடம்புக்குப் புரியவில்லை... கையை ஊன்றினேன், வலது மணிக்கட்டு ஒடிந்தது. முட்டிச் சவ்வு கிழியலாம், மரத்தில் மோதி மண்டை உடையலாம், எல்லாம் தெரிந்துதான் போனேன். மார்த்தாண்டம் ஜங்ஷனில் லாரிகளுக்கு நடுவே தினமும் ஸ்கூட்டர் ஓட்டுகிறேனே, அதற்கு யாராவது அழுதார்களா? விழுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம், பிடித்துக்கொள்ள ஒரு கையும் இல்லாமல், நானாகச் சறுக்கிப் போனேன். அது எப்படி இருந்தது என்று ஒருத்தர் கேட்கவில்லை.

கட்டுப் போட்ட கையோடு நான் வந்து இறங்கிய அன்றே அம்மா பொருத்தனை செய்துவிட்டாள், கை நேரானால் இவளை இனி அங்கே அனுப்பமாட்டேன் என்று. எலும்பு என்னுடையது, வலி என்னுடையது, பொருத்தனை மட்டும் அவளுடையது! கை நேராகிவிட்டது. நாளை ஞாயிறு ஆராதனையில் ஸ்தோத்திர காணிக்கை வைத்து, சபைக்கு முன்னால் எழுந்து அதைச் சாட்சியாகச் சொல்லப்போகிறாள், பக்கத்தில் நான் நின்று தலையாட்ட வேண்டும். சபையே ஆமென் சொன்ன பிறகு நான் ரயில் ஏறினால், கர்த்தருக்குக் கொடுத்த வாக்கை மீறிய பெண்... நன்றாகத்தான் மடக்கினாள். மாட்டேன். ஸ்டென்சிலை நேராகத் தூக்கி லென்ஸில் பார்த்தேன், ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாக, பக்கத்துப் புள்ளியோடு ஒட்டாமல். சூப்பர்வைசர் அல்போன்ஸ் அண்ணன் எட்டிப் பார்த்தார். "நல்லா வந்திருக்கு ரெனிஷா. இன்னொரு தடவ அந்தக் கைய ஒடிச்சிட்டு வந்தா, உனக்க எடத்துல வேற ஆளப் போடுவேன், கேட்டியா?" போடட்டும். அம்மாவுக்கு என் கை வேண்டும், கம்பெனிக்கு என் கை வேண்டும், எனக்கு மட்டும் அது வேண்டாமா?

டீ நேரத்தில் நானே அம்மாவைக் கூப்பிட்டேன். "நாளைக்கு சபையில நான் எழும்பி நிக்க மாட்டேன். ஜனவரியில போவேன்." கத்துவாள் என்று போனைக் காதிலிருந்து விலக்கிப் பிடித்தேன். அங்கே ஓடிக்கொண்டிருந்த மிக்சி நின்றது. பிறகு, "செரி மக்ளே, நான் சாட்சி சொல்லல்ல. உன்னக் கட்டியா போட முடியும்? போயிட்டு வா. எனக்க பொருத்தனைய நான் கர்த்தர்ட்ட பேசிக்கிடுதேன்" என்றாள், வைத்துவிட்டாள். அவ்வளவுதான். ஜெயித்துவிட்டேன். காலையிலிருந்து மனசுக்குள் இதற்குத்தானே மல்லுக்கு நின்றேன், பிறகு ஏன் டீயைக் குடிக்காமல் கீழே வைத்தேன்? போகாதே போகாதே என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தவரை பயப்படுகிற வேலையை அவளே பார்த்துக்கொண்டாள், இப்போது விட்டுவிட்டாள்... போவேன், அதில் மாற்றமில்லை. ஆனால், ஆண்டவரே, எனக்கு எவ்வளவு பயமாக இருக்கிறது.