ஆறாவது கிளாஸுக்கு இசைத்தட்டு இல்லை

நான் குடிக்கிறவள் இல்லை. நாக்கில் ஒரு சொட்டுகூட வைத்ததில்லை. ஆனால் கண்ணைக் கட்டிவிட்டு ஸ்காட்ச் விஸ்கி கிளாஸை மூக்குக்குக் கீழே நீட்டினால், எது புகையில் காய்ந்த தானியம், எது திராட்சை ரசம் இருந்த பீப்பாயில் ஊறியது, எது வெறும் பகட்டு என்று பிட்டுப் பிட்டு வைப்பேன். என் வீட்டுக்காரரால் அது முடியாது. அவர் பெயரோ ஊரெல்லாம் 'மூக்கு'.

கேலியாக வைத்த பெயர்தான், பிறகு உத்தியோகமாகவே ஆகிவிட்டது. ஆறு ஓட்டல் வைத்திருக்கும் முதலாளிக்கு விஸ்கி தேர்ந்தெடுத்துத் தருவது அவர் வேலை. நூற்றுக்கு இத்தனை என்று அவர் மார்க் போடுவார். தொண்ணூறு தாண்டினால் ஆறு ஓட்டலுக்கும் ஆர்டர் போகும். மூக்கும் முழியுமாக மாப்பிள்ளை என்று காட்டித்தான் எனக்குக் கட்டிவைத்தார்கள். அப்போது அந்த மூக்குக்கு இவ்வளவு கிராக்கி வரும் என்று யார் கண்டார்கள்?

போன வருஷம் ஒரு காய்ச்சல் வந்தது. நாலு நாள் படுத்தார், ஐந்தாம் நாள் எழுந்துவிட்டார். அதற்கடுத்த வாரம் நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் வீடெல்லாம் தீய்ந்த நாற்றம், பாத்திரம் கரிக்கட்டை. இவர் அடுப்புக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்.

"ஏங்க, மூக்கை எங்கயாவது அடகு வெச்சிட்டீங்களா?" என்று கத்தினேன்.

அவர் பேப்பரை மடித்து வைத்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"கத்தாதே. போயிடுச்சு. ஒரு வாரமா எதுவுமே வரல."

"முதலாளிகிட்ட சொல்லிடலாங்க. மனுஷனுக்கு வராத வியாதியா?"

"என்னன்னு சொல்றது? வேற ஆளைப் போடுவார், போகட்டும். எல்லாரும் ஐயோ பாவம்னு ஒரு பார்வை பார்ப்பாங்க பாரு, அதை மட்டும் என்னால தாங்க முடியாது."

டாக்டரிடம் போனோம். வரலாம், வராமலும் போகலாம் என்றார். அதற்கு எதற்கு டாக்டர் என்று நானே கேட்டுவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததற்கெல்லாம் யோசனை என்னுடையது. பழி போட வேறு ஆள் இல்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு எங்கள் வீட்டில்தான் ருசி பார்ப்பார்கள். முதலாளி, இசைப் பைத்தியமான ஒரு பல் டாக்டர், என் தம்பி, இவர், ஆக நான்கு பேர். பாட்டில்கள் கறுப்புத் துணிப்பையில் கழுத்து கட்டி வரும். லேபிள் யாருக்கும் தெரியாது. சமையலறையில் நான் ஊற்றி, எண் ஒட்டிய கிளாஸ்களைத் தட்டில் அனுப்புவேன். இசைத்தட்டு சுழலும் பெட்டி சமையலறை வாசலில், ஒலிபெருக்கி கூடத்தில். பாட்டு கேட்டால் மூக்கு திறக்கும் என்று இவர் ரொம்ப நாளாகவே அளந்துகொண்டிருந்தார். அந்த அளப்பு எங்களுக்கு வசதியாகப் போயிற்று.

ஊற்றும்போதே நான் முகர்ந்து பார்த்து, அதற்கேற்ற தட்டைப் போடுவேன். பியானோ போட்டால் புகை. செல்லோ போட்டால் உலர்ந்த திராட்சை, இனிப்பு. புல்லாங்குழல் என்றால் எலுமிச்சை, பூ, லேசான சரக்கு. சாக்ஸபோன் என்றால் கடல் உப்பும் மிளகும். தட்டில் முதல் பாட்டின் மேல் முள்ளை வைத்தால் மார்க் எண்பதுக்குக் கீழே, இரண்டாவதன் மேல் வைத்தால் எண்பதுக்கு மேலே, மூன்றாவதன் மேல் வைத்தால் தொண்ணூறுக்கு மேலே. அவர் கிளாஸை உயர்த்தி, கண்ணை மூடி, பாட்டைக் கேட்டுவிட்டு, மணத்தைச் சொல்வார். அவர் முகர்ந்து "ஆகட்டும்" என்று சொல்லும்வரை வேறு யாரும் உதட்டில் வைக்கக்கூடாது. அது எங்கள் வீட்டுச் சட்டம்.

எனக்கு அப்பா காலத்திலிருந்தே மர சாமான்களுக்குப் பாலிஷ் போடும் பட்டறை இருக்கிறது. வார்னிஷ் நாற்றத்தில் உன் மூக்கு செத்துப்போயிருக்கும் என்று இவர் கேலி செய்வார். கடைசியில் அந்த மூக்குதான் பதினோரு மாதம் சோறு போட்டது. செல்லோ என்று ஒரு வாத்தியம் இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. கேட்கக் கேட்க அது என்னைப் பிடித்துக்கொண்டது. அழுதுவிட்டு வந்து மெல்லப் பேசுகிற ஆம்பளைக் குரல் அதற்கு. நல்ல இனிப்புச் சரக்கு வராதா, செல்லோ போடலாமே என்று நானே ஏங்குவேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டோம் என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது கிளாஸ் முடிந்ததும், பல் டாக்டர் காலிக் கிளாஸோடு சமையலறை வாசலில் வந்து நின்றார். இசைத்தட்டு உறைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு சந்தேகம்மா. கிளாஸ் வந்து மூக்கு வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே சரியான ரெக்கார்டு போயிடுது. அது எப்படி?"

"குருட்டாம்போக்குதான் டாக்டர்."

"பதினோரு மாசமாவா?" என்று சிரித்தார். சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அவர் கூடத்துக்குத் திரும்பிப் போனார். நாலாவது கிளாஸுக்கு முள்ளை வைக்கும்போது கீறல் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

ஐந்தாவது முடியும் நேரத்தில் தம்பி வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அக்கா, ஆறாவது நான் கொண்டு வந்தது. புதுசா ஒரு ஆளு சிக்கியிருக்கான், கப்பல்லேர்ந்து நேரா எடுத்துத் தர்றான். மாமா தொண்ணூறு மட்டும் தாண்டிட்டாருன்னா இருநூறு பெட்டி ஆர்டர். நீ பக்குவமா மாமாகிட்ட..."

"உன் மாமா மூக்குக்கு நான் என்னடா சிபாரிசு பண்றது? போடா அந்தாண்ட," என்றேன். இவனுக்கும் தெரியுமோ?

ஆறாவது பையின் வாயை அவிழ்த்து ஊற்றினேன். முதலில் கருகிய சர்க்கரை மணம் வந்தது. அதன் அடியில் இன்னொன்று இருந்தது. எனக்குச் சின்ன வயதிலிருந்து பழக்கமானது. எங்கள் பட்டறையில் அரக்கைக் கரைக்க வைத்திருக்கும் ஸ்பிரிட்.

காலையில் பட்டறைக்குப் போய் வந்த கை, அதில் ஒட்டியிருக்கும் என்று நினைத்தேன். குழாயைத் திறந்து சோப்புப் போட்டு முழங்கைவரை தேய்த்துக் கழுவினேன். துடைத்துக்கொண்டு திரும்பினால் தட்டைக் காணோம். தம்பி எடுத்துக்கொண்டு போய்விட்டான். பையின் வாயில் குனிந்து முகர்ந்தேன். அதேதான்.

அந்த ஸ்பிரிட் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். எங்கள் பட்டறையில் ஒரு பாலிஷ்காரர் இருந்தார். கை நடுக்கத்துக்கு என்று திருட்டுத்தனமாக அதில் கொஞ்சம் குடித்தார். அன்றைக்கு முழுக்க நன்றாகத்தான் வேலை பார்த்தார். மறுநாள் பட்டப்பகலில், எல்லாம் பனி மூடினமாதிரி இருக்கிறது என்றார். அப்புறம் அவர் பாலிஷ் போடவே இல்லை.

இனி நான் செய்ததை மறைக்காமல் சொல்கிறேன். ஓடிப்போய்க் கத்தியிருக்க வேண்டும். கத்தினால், மூக்குக்குத் தெரியாதது உனக்கு எப்படித் தெரிந்தது என்ற கேள்வி வரும். அவர் மானம் கப்பலேறும். அதனால் ஐந்தாவது கிளாஸுக்குப் போட்டு இன்னும் சுழன்றுகொண்டிருந்த சாக்ஸபோன் மேலிருந்து முள்ளைத் தூக்கினேன். வேறு எதையும் போடவில்லை. பாட்டே இல்லை என்றால் ஏதோ ஆபத்து என்று புரிந்துகொள்வார் என்று நம்பினேன். அப்படி ஒன்றை நாங்கள் பேசிவைத்ததே இல்லை.

கூடம் அமைதியாக இருந்தது. இவர் கிளாஸை உயர்த்திப் பிடித்திருந்தார். கண் மூடியிருந்தது, காது மட்டும் தீட்டியிருந்தது. ஐந்து நொடி, பத்து நொடி. பல் டாக்டர் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இவர் நெற்றியில் வேர்வை துளிர்த்ததை வாசலிலிருந்தே பார்த்தேன்.

"இதுக்குப் பாட்டே வேண்டாம்னு என் வீட்டுக்காரி நிறுத்திட்டா பாருங்க," என்று சிரித்தார். "தேன். சுத்தமான தேன். தொண்ணூத்தி மூணு. ஆகட்டும்!"

"குடிக்காதீங்க!"

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. மூன்று கிளாஸ் உதட்டருகே நின்றன. "அது ஸ்பிரிட். மரத்துக்குப் பூசுறது. யாரும் வாயில வைக்காதீங்க."

இவர் என்னை முறைத்தார். கோபத்தைவிடப் பயம்தான் அதில் அதிகம். "வார்னிஷ்காரிக்கு எல்லாமே வார்னிஷ்தான்," என்று சொல்லி, நான் எட்டிப் பிடிப்பதற்குள் கிளாஸை ஒரே மடக்கில் கவிழ்த்துக்கொண்டார். "பார்த்தீங்களா? தேன்."

"இவருக்கு மூக்கு கிடையாது! பதினோரு மாசமா எந்த வாசனையும் தெரியாது. பாட்டை வெச்சு நான்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்," என்று அழுதுகொண்டே கொட்டிவிட்டேன்.

பல் டாக்டர் தன் கிளாஸை முகர்ந்து கீழே வைத்தார். "எனக்கும் ஒரு மாதிரி வாடை அடிச்சுதும்மா. மூக்கே தேன்னு சொன்னதும், நம்ம மூக்குலதான் கோளாறுன்னு நினைச்சுட்டேன்." பிறகு இவர் தோளைப் பிடித்தார். "இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும். நான் முன்னாடி போய்ச் சொல்லி வைக்கிறேன், உடனே கூட்டிட்டு வாங்க."

தம்பி சுவரைப் பார்த்து நின்றான். முதலாளி கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அவர் இவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நாளைக்கு நீங்க வந்து என்னைப் பாருங்கம்மா. இந்த மூக்கை விடக்கூடாது."

பாவி மனுஷன். நல்லது என்று நினைத்துத்தான் சொல்லியிருப்பார். அதைக் கேட்டதும் இவர் முகம் சுருங்கியதை நான் செத்தாலும் மறக்கமாட்டேன். இசைப்பெட்டியையும் செல்லோ தட்டையும் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார்.

முதலாளியும் தம்பியும் எப்போது நழுவினார்கள் என்றே தெரியவில்லை. கதவைத் தட்டினேன். கெஞ்சினேன். திட்டினேன். "மூக்குதானே போச்சு, கண்ணையும் விட்டுடாதீங்க, உங்க காலைப் பிடிக்கிறேன்!"

"ஒண்ணும் ஆகல. நல்லாத்தான் இருக்கேன். உறையில இருக்கிற பொடி எழுத்தைக்கூடப் படிக்கிறேன், கேளு," என்று உள்ளேயிருந்து வரிவரியாக வாசித்துக் காட்டினார். அப்புறம் குரல் உடைந்தது. "ஆஸ்பத்திரியில என்னன்னு சொல்லுவே? மூக்கு முகர்ந்து பார்த்துட்டு ஸ்பிரிட்டைக் குடிச்சான்னா? இன்னிக்கு மட்டும் என்னை விட்டுடு. விடிஞ்சதும் வரேன். சத்தியமா வரேன்."

என் பட்டறையில் கடப்பாரை இருக்கிறது. இரண்டு தெரு தள்ளித்தான். ஆனால் ஒருதரம் அவர் மானத்தை நாலு பேர் முன்னால் உடைத்த கை, கதவையும் உடைக்கத் துணியவில்லை. பல் டாக்டர் இரண்டு முறை போன் செய்தார். கிளம்பிக்கொண்டே இருக்கிறோம் என்றேன். கதவடியில் உட்கார்ந்து செல்லோவைக் கேட்டுக்கொண்டிருந்தேன். தட்டு முடியும், முள்ளைத் திருப்பி வைப்பார், மறுபடி முதலிலிருந்து வரும். முள் போகிற இடம் பிசகாதவரை கண் நன்றாகத்தான் இருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன் போல. விழித்தபோது நன்றாக வெயில் ஏறியிருந்தது. உள்ளே பாட்டு இல்லை. தட்டின் ஓரத்துக்கு வெளியே முள் விழுந்து, பெட்டியின் ரப்பர் விரிப்பில் உராயும் சத்தம் மட்டும் வந்தது. தூக்குவது கேட்டது. மறுபடி அதே உராய்வு.

கடைசியில் தாழ்ப்பாள் விலகியது. ஜன்னல் வெயில் நேராக முகத்தில் விழ, இவர் இசைத்தட்டை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். கண்கள் என் தோளுக்கு மேலே எதையோ தேடின.

"இருக்கியா?" என்றார் மெல்ல. "இது செல்லோதானான்னு பார்த்துச் சொல்லு. லேபிள் சரியாத் தெரியல. காலங்காத்தாலே எதுக்கு ஜன்னலுக்குத் திரை போட்டு வெச்சிருக்கே?"

அந்த அறை ஜன்னலுக்குத் திரையே கிடையாது.