தளம் போட்ட அன்று அவள் எடுத்த அடி

தளம் போட ஆரம்பித்துவிட்டால் பாதியில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அந்த இடம் ஒட்டாது, மழைக்கு ஒழுகும். அதனால் கலவை மிஷினிலிருந்து மாடிவரை இருபது பேர் சாரத்தில் நின்று சட்டியைக் கை மாற்றுவோம். ஒருவர் பாட்டெடுக்க, மற்றவர்கள் கடைசிச் சொல்லைத் திருப்பிப் பாடிச் சட்டியைத் தள்ளுவார்கள். வாயை மூடினால் கை தடுமாறும்.

பன்னிரண்டு வருடமாகப் பாட்டெடுப்பவன் நான். பாட்டும் என்னுடையது. என்னை விட்டுப் போனவளைப் பற்றியது.

மாடி வீட்டப் பாத்ததுமே மனசு மாறிப் போனாளே
மண்ணு சொமந்த எங்கையத்தான் ஒதறிவிட்டுப் போனாளே

"போனாளே!" என்று சட்டி ஏறும். சித்தாள் பெண்கள் அவளைத் திட்டித் தீர்ப்பார்கள். எனக்கு அது இதமாக இருக்கும்.

அன்று ஆள் போதாமல் மேஸ்திரி வெளியிலிருந்து ஐந்து பெண்களைக் கூட்டி வந்தார். நான் முதல் அடி எடுத்ததும், நான்காவதாக நின்றவள் திரும்பினாள். அவளேதான். 

"அண்ணே, ஒரு அடி நான் எடுக்கட்டுமா?" என்று மேஸ்திரியைக் கேட்டாள்.

"எடு தாயி. சட்டி நிக்காம இருந்தா சரி."

பஸ்ஸு நின்ன எடத்துல நான் பகலெல்லாம் நின்னேனே
அம்மா முந்தானையப் புடிச்சுக்கிட்டு அவன் வீட்டுலயே நின்னானே

"நின்னானே!" வரிசையே சிரித்தது.  என் கையில் சட்டி சரிந்து கலவை காலில் கொட்டியது.

"பாட்டுக்காரா, வாய்க்கு என்ன பூட்டா? பாடிக்கிட்டே தள்ளுடா!" என்று மேஸ்திரி கத்தினார்.

"நின்னானே" என்றேன். உண்மையும் அதுதான். அவளைக் கட்டினால் செத்துப்போவேன் என்று அம்மா சொன்னதும் பஸ்ஸுக்குப் போகாமல் போர்த்திப் படுத்துக்கொண்டவன் நான். மாடி வீடெல்லாம் பிறகு பாட்டில் நானாகச் சேர்த்தது. மூன்று மணிவரை அவள் பாடினாள். நான் திருப்பிப் பாடினேன்.

வேலை முடிந்து, தண்ணீர்ப் பீப்பாயருகே நின்ற அவளிடம் போனேன்.

"எல்லார் முன்னாலயும் இப்படிப் பண்ணிட்டியே."

"என் மக பள்ளிக்கூடத்துல சித்தாளுங்க புள்ளைங்ககிட்ட கத்துக்கிட்டு வந்து ஒன் பாட்டப் பாடுறா. எவளோ மோசக்காரின்னு அவ அப்பா சிரிக்கிறாரு. பக்கத்துல நின்னு நானும் சிரிக்கிறேன். யாரு பாட்டுன்னு விசாரிச்சுத்தான் வந்தேன்."

"நான் வந்திருக்கணும். ஒன்ன நெனைக்காத நாளில்ல."

"நெனச்சு, ஊரையே திட்ட வச்ச." முழங்கையில் காய்ந்த சிமெண்டைச் சுரண்டி எறிந்துவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் வேறு கட்டடம். அந்த ஐந்து பெண்களும் வரவில்லை. மாடிவரை ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு என் பழைய பாட்டை எடுத்தேன்.

"அது வேணாம்டா," என்றார் மேஸ்திரி. "அந்தப் பொண்ணு பாடுனத எடு. அன்னைக்குச் சட்டி பறந்துச்சு."

எடுத்தேன். "நின்னானே!" என்று எல்லோரும் சிரித்தார்கள். கேட்க வேண்டியவள் இல்லை. சட்டி பறந்தது.