இருபத்து நான்காவது வில்லை

1

இந்தக் கதை ஒரு பதிவேட்டில் கிடந்தது. நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் பேர்போன சிலேசியாவில் ஒரு கேளிக்கைப் பூங்காவில் எட்டு மாதம் இரவு முறையில் துடைப்பம் பிடித்தேன், பிறகு விட்டுவிட்டேன். 'ஒன்பதாம் சுரங்கம்' என்ற ரோலர் கோஸ்டரின் இயக்க அறையில் அந்த வரியைப் படித்தேன்: "14.20. ஓட்டம் நிறுத்தம். காரணம்: ஒரு வில்லை குறைகிறது." மீதியைக் கேட்டதிலிருந்து கொஞ்சமும் கேட்காததிலிருந்து நிறையவும் எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: "அந்தக் கோடைப் பிற்பகலில் வானம்..." வேண்டாம். வானத்துக்கு இதில் வேலையில்லை.

இன்னொன்று: ஒட்டிலியா வில்லைகளை எண்ணினாள். இருபத்து மூன்று. மறுபடி எண்ணினாள். இருபத்து மூன்றுதான்.

இது போதும். ஐம்பத்தெட்டு வயதான ஒட்டிலியா, நிஜமான நிலக்கரிச் சுரங்கத்தின் விளக்கறையில் முப்பத்தொரு வருடம் இருந்தவள். இறங்குகிறவனுக்கு விளக்கும், எண் பொறித்த தகர வில்லையும் கொடுப்பாள். ஏறி வந்தவன் வில்லையைத் திருப்பித் தந்தால் கொக்கியில் மாட்டுவாள். கொக்கி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான். சுரங்கத்தை மூடினார்கள். ஆறு கிலோமீட்டர் தள்ளி, கறுப்புச் சாயமடித்த பிளாஸ்டிக் கரியோடு இந்த ரோலர் கோஸ்டர் வந்தது. வாசலில் வில்லை கொடுப்பதும் வெளியே வாங்கி மாட்டுவதும் அவள் வேலை. நிர்வாகத்துக்கு அது வெறும் அலங்காரம். அதை அவளிடம் யாரும் சொல்லவில்லை.

ஓட்டத்தை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். அழுத்தியவரின் சாவி இல்லாமல் வண்டி நகராது.*

* பூங்காவின் விதி இது. எனக்கு வசதியாக இருக்கிறது என்பதற்காக நான் உண்டாக்கியது அல்ல.

3

பொறுப்பாளன் கயேதான் ஓடிவந்தான். இருபத்தேழு வயது.

"என்னக்கா ஆச்சு? யாருக்காவது மயக்கமா?"

"இருபத்து நாலு கொடுத்தேன். இருபத்து மூணு வந்திருக்கு."

"ஐயோ... எவனோ ஞாபகத்துக்கு வெச்சுக்கலாம்னு பாக்கெட்ல போட்டுட்டுப் போயிருப்பான்."

"இருக்கலாம்."

"அப்ப சாவியைக் கொடுங்க."

"இருபத்து நாலு பேரும் இறங்கினதை நீ பாத்தியா?"

"இந்தக் கூட்டத்துல யாருக்கா எண்ணுவா?"

"அதுக்குத்தான் வில்லை."

ஓட்டத்தின்போது கேமரா எடுத்த படத்தைக் கொண்டுவந்து காட்டினான். இருபத்து நான்கு முகங்கள், இருபத்து நான்கு திறந்த வாய்கள்.

"இது பாதி வழியில எடுத்தது," என்றாள். "மீதி வழிக்குப் படம் இருக்கா?"

வரிசையில் வறுத்த சாசேஜைக் கடித்துக்கொண்டிருந்த ஒருவன் கத்தினான்: "அத்தை, நாங்க இந்த வரிசையில நின்னே ரிட்டயர் ஆகணுமா?"

"ஆகிக்கோ. நான் ஒரு தடவை ஆயாச்சு."

கயேதான் குரலைத் தாழ்த்தினான். "காரணமில்லாம நிறுத்தினா வேலையை விட்டு எடுத்துடுவாங்கன்னு உங்களுக்குத் தெரியும்ல? மேலாளருக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"காரணம் இருக்கு. பதிவேட்டுல எழுது."

4

இந்த இடத்தில் அவளுக்கு ஒரு பழைய துயரம் எழுதினேன். எப்போதோ ஒரு காலிக் கொக்கியை அவள் கவனிக்காமல் விட்டாள், அன்று கீழே ஒருவன் (பெயர்கூட வைத்திருந்தேன்) மூச்சடைத்து...

அடித்துவிட்டேன். பிடிவாதத்துக்குப் பின்னால் கட்டாயம் ஒரு பிணம் இருக்க வேண்டுமா? முப்பத்தொரு வருடமும் அவள் கணக்குச் சரியாகவே இருந்தது. சரியாக இருந்தது என்பதாலேயே அவள் விடவில்லை. இது வாசகருக்குக் குறைவாகத் தோன்றினால் நான் பொறுப்பில்லை.

5

கயேதான் தண்டவாளத்தை ஒட்டிய படிகளில் ஏறி, குகைப் பாதையெல்லாம் நடந்து, அரைமணி நேரம் கழித்து வியர்த்து ஒழுக வந்தான். கையில் ஒற்றைச் செருப்பு, இரண்டு தொப்பி, ஒரு பல்செட்.

"ஆள் யாரும் இல்ல. போதுமாக்கா?"

இங்கே கதை எளிதாக முடியும். (அ) அவன் பார்க்கத் தவறிய மூலையில் ஒருவன் அடிபட்டுக் கிடக்கிறான், ஒட்டிலியா வீராங்கனை. பொய். (ஆ) யாரோ ஒருவன் அசட்டுச் சிரிப்போடு வந்து வில்லையை நீட்டுகிறான். சோம்பேறித்தனம்.

எனக்குச் சொல்லப்பட்டது வேறு.

"நீ பாத்தே," என்றாள். "நான் பாக்கலை. முதல் வண்டியில நான் மட்டும் போறேன்."

"உங்களுக்குத் தலை சுத்தும். ஆறு வருஷத்துல ஒரு தடவைகூட ஏறினதில்ல நீங்க!"

"கீழயும்தான் இறங்கினதில்ல."

விளக்கறைப் பெண்களைச் சுரங்கத்துக்குள் விட்டதில்லை. விளக்கைக் கொடுப்பதோடு சரி.

தன்னிடமிருந்த ஒரே பிடியான அந்தச் சாவியை அவன் உள்ளங்கையில் வைத்தாள். முன்வரிசையில் உட்கார்ந்தாள். இடுப்புக் கம்பி பூட்டிக்கொண்டது. சங்கிலி வண்டியை மேலே இழுத்தது. உச்சியில் எல்லாரும் கண்ணை மூடுவார்கள். அவள் மூடவில்லை. காற்றில் கண்ணில் நீர் கொட்டியது. இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள். தூண்களின் அடியில் பார்த்தாள். குகை வாய் வந்தது. இருட்டுக்குள்

6

வாக்கியத்தை அங்கேயே விடுகிறேன். அந்த நொடியில் இயக்க அறையில் போன் அடித்தது.

"யாரு நிறுத்தினது?" என்றார் மேலாளர். "கதையெல்லாம் வேண்டாம். பேரு மட்டும் சொல்லு."

கயேதானுக்கு வீட்டில் கைக்குழந்தை. இயந்திரக் கோளாறு என்று ஒரு சொல் சொன்னால் இருவரும் தப்பலாம். ஆனால் அவள் சொன்ன காரணத்தை அவள் சொன்னபடியே அவன் மையால் எழுதியிருக்கிறான். அவள் செய்தது சரியா என்பது அவனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அவன் வாயைத் திறந்தான்.

அடுத்த வரிக்கு மூன்று வாக்கியங்கள் வைத்திருந்தேன். மூன்றும் என்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதியவை. கிழித்துவிட்டேன்.

வண்டி இன்னும் குகைக்குள்தான் இருக்கிறது. போனை நீங்கள் வாங்குங்கள். அவர் காத்திருக்கிறார்.