மலையோரமாகவே ஓட்டியவர்

தீவை ஒரே திசையில் சுற்றிச் சுற்றிக் கார் ஓட்டினால் தீவு எதிர்த்திசையில் திரும்பிவிடும். அங்கே வாடகைக்குக் கார் விடும் அம்மாள், டயரில் காற்று பார்த்துக்கொள்ளுங்கள் என்பதைப் போலத்தான் இதையும் சொன்னாள். இருப்பது ஒரே பங்க், பாதி டாங்க் காலியானதுமே பெட்ரோல் போட்டுவிட வேண்டும். ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்க வேண்டும். சரிவில் நிறுத்தினால் சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். "அப்புறம் சார், இன்னிக்கு இடப்பக்கம் மலை வர்ற மாதிரி மலையோரமா சுத்தினா, நாளைக்கு எதிர்த்திசையில கடலோரமா சுத்துங்க. மாத்தி மாத்திப் போனாத்தான் தீவு இருந்தபடி இருக்கும்."

கேட்டு நின்றவர் கார் விபத்துகளில் பொய் தேடியே தலை நரைத்த காப்பீட்டு விசாரணைக்காரர். மற்ற அறிவுரைகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டார். கடைசி அறிவுரையில் மட்டும் அவருக்குச் சூது தெரிந்தது. "அவ டயர் ரெண்டு பக்கமும் சமமாத் தேயணும். அதுக்கு ஒரு கதை," என்றார் மனைவியிடம். கடலோரத்துத் தடுப்புச்சுவரையும் அவர் நம்பவில்லை. தினமும் மலையோரமாகவே ஓட்டினார். "கடல் பார்க்கக் கூட்டிட்டு வந்து பாறையைக் காட்டறீங்க," என்றாள் அவள், இருமலுக்கு நடுவே.

அவளுக்காகத்தான் வந்திருந்தார்கள். நெஞ்சில் கோத்த நீர் வற்ற, காலை வெயில் சில மாதம் நெஞ்சில் விழ வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கட்டில் வரை வெயில் வரும் அறை என்று பார்த்துத்தான் வீட்டை எடுத்தார்கள். நாளாக ஆக வெயில் முதலில் அவள் தோளை விட்டது, பிறகு கட்டிலை, பிறகு ஜன்னலையே விட்டது. குறைந்துவந்த இருமல் மறுபடி கூடியது. வீட்டுக்காரன் கட்டிலை நகர்த்துகிறான் என்று கட்டில்கால்களைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டார். கட்டில் கோட்டுக்குள்ளேயே இருந்தது. காலண்டரைச் சந்தேகித்தார், ஜன்னலைச் சந்தேகித்தார், ஒரு வாரம் டாக்டரையும் சந்தேகித்தார். அதற்குள் படகுத்துறை தீவின் மறுபக்கம் போயிருந்தது. பயணிகளோடு தீவைச் சுற்றித் துறையைத் தேடி வந்த படகோட்டி, அவர் காரைப் பார்த்ததும் கத்தினான்: "யோவ், எங்களையும் சேர்த்துச் சுத்த விடறியே, கொஞ்சம் அந்தப் பக்கமும் போயேன்!"

அன்று மாலை அவர் வண்டியைத் திருப்பினார். அவள் பக்கத்து ஜன்னலில் முதன்முறையாகக் கடல் வந்தது. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி, தடுப்புச்சுவரின் ஒவ்வொரு கல்லையும் குற்றவாளியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே ஓட்டினார். பல வாரம் அப்படியே ஓட்டினார். படகுத்துறை ஊர்ந்து பழைய இடத்துக்கு வந்தது. வெயில் ஜன்னலுக்கு வந்தது, கட்டில்காலுக்கு, அவள் பாதத்துக்கு. ஒரு காலையில் நெஞ்சின் மேல் ஏறி நின்றது. அவள் போர்வையை விலக்கி இருமல் இல்லாத ஒரு மூச்சை இழுத்துவிட்டாள். அவர் அதையும் கொஞ்ச நேரம் சந்தேகத்தோடு கவனித்தார். இன்னொரு மூச்சும் அப்படியே வந்தது.

"இன்னிக்கும் கடலோரமாத்தானே?" என்று கேட்டாள்.

"மலையோரமா," என்றார், கார் சாவியைத் தேடிக்கொண்டே. "நாளைக்குக் கடலோரமா. இதுக்கு மேல திருப்பினா வெயில் அடுப்படிக்குப் போயிடும்."